உருகிய டன் என்ன விலை? கொங்கு ஃபவுண்டரிகளுக்குப் பழைய இரும்பு வாங்கும் கணக்கு

வெளிநாட்டுப் பழைய இரும்பு வரும் கண்டெய்னரின் கதவைத் திறந்ததும் முதல் மூன்று அடிக்குக் கனமான, துரு குறைந்த, கண்ணுக்கு நிறைவான இரும்பு இருக்கும். எந்த நாட்டுத் துறைமுகத்திலிருந்து வந்தாலும், ஏற்றுகிறவர் கடைசியாக வாசலுக்கு எடுத்து வைப்பது தன் யார்டில் உள்ள நல்ல சரக்கைத்தான். கோவையின் கணபதியிலோ அரசூரிலோ குறிச்சி சிட்கோவிலோ ஃபவுண்டரி வைத்திருப்பவர் அந்த வாசல் போட்டோவைப் பார்த்து விலை பேசினால், பின்னால் கிடக்கும் மண்ணுக்கும் துருவுக்கும் டாலர் கொடுக்க வேண்டிவரும். எடைமேடையில் ஏறுகிற டன்னுக்குப் பேசும் விலை பாதிக் கணக்குதான். லேடிலில் (உருகிய இரும்பை ஏந்தும் வாளியில்) ஊற்றுகிற டன்னுக்கு என்ன விழுந்தது என்பதே முழுக் கணக்கு. அந்த இரண்டாவது எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது, அது எங்கெல்லாம் ஏறுகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் தரப் பெயர்கள். உலகம் முழுக்கப் புழங்குவது அமெரிக்க மறுசுழற்சி வணிகர் சங்கமான இஸ்ரி வகுத்த எண்கள். அந்தச் சங்கம் 2024-ல் ரீமா என்று பெயர் மாற்றிக்கொண்டாலும் சந்தையில் இன்னும் இஸ்ரி எண் என்றுதான் சொல்கிறார்கள். 200 முதல் 202 வரை எச்.எம்.எஸ். 1 (ஹெவி மெல்டிங் ஸ்டீல், கனமான பழைய இரும்பு). கனம் கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 200-ஆம் எண்ணில் துண்டின் அளவு 60 அங்குலத்துக்கு 24 அங்குலம் வரை போகலாம். 203 முதல் 206 வரை எச்.எம்.எஸ். 2. இதில் கனம் அரைக்கால் அங்குலம் இருந்தால் போதும், கால்வனைஸ் தகடும் வரலாம். இரண்டையும் 80-க்கு 20 என்று கலந்து விற்பதே பெரிய சந்தை. துருக்கிக்குக் கப்பலில் போகும் இந்த 80:20-இன் விலையைத்தான் எல்லா நாட்டு வியாபாரிகளும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். 210, 211 என்பவை ஷ்ரெடர் மெஷினில் சிறு துண்டாக அடித்த சரக்கு, ஷ்ரெடட். 207 என்பது பஷலிங்: எந்தப் பக்கத்திலும் 12 அங்குலத்தைத் தாண்டாத புதுத் தகட்டு வெட்டு. நம்மூரில் பஞ்சிங், சி.ஆர். கட்டிங் என்று சொல்வதற்கு அருகில் வருவது இதுதான்.

இதில் எது யாருக்கு ஆகும்? கஞ்சிக்கோட்டிலும் பெருந்துறையிலும் பல டன் ஃபர்னஸ் வைத்து பில்லெட் (கம்பி உருட்டுவதற்கான கட்டி) ஊற்றுபவர்களுக்கு எச்.எம்.எஸ். சரி. 250 கிலோ, 500 கிலோ ஃபர்னஸ் வைத்திருக்கும் கோவை ஃபவுண்டரிக்கு அது அப்படியே ஆகாது. 500 கிலோ குரூசிபிளின் (உருக்கும் கலத்தின்) வாய் ஒன்றரை அடி கிட்டத்தான். ஐந்தடித் துண்டை கேஸ் கட்டிங் செய்து ஒரு அடிக்குக் குறைக்க வேண்டும்; ஆக்சிஜன், கேஸ், ஆள்கூலி எல்லாம் டன் விலையில் ஏறும். குறைக்காமல் திணித்தால் இன்னும் மோசம். துண்டுகள் குறுக்கே மாட்டிப் பாலம் போல நின்றுவிடும். மேலே இரும்பு உருகாமல் நிற்க, கீழே உள்ள உலோகம் மட்டும் சூடேறிக்கொண்டே போய் லைனிங்கை (ஃபர்னஸின் உள்பூச்சை) தின்னும். வெளியே சுற்றியுள்ள மின்சுருளான காயில் வரை ஓட்டை விழுந்தால் காயிலில் ஓடும் தண்ணீரும் உருகிய இரும்பும் சந்திக்கும். அந்த விபத்துக்கு வைத்தியம் கிடையாது. ஆகவே சின்ன ஃபர்னஸுக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஷ்ரெடட், பஷலிங், அல்லது ஒப்பந்தத்திலேயே அளவு எழுதி வெட்டிவரும் பிளேட் துண்டு.

ஷ்ரெடடில் இன்னொரு வசதி கொள்ளளவு. 20 அடி கண்டெய்னரின் உள்ளிடம் சுமார் 33 கன மீட்டர். 25 டன் ஏற வேண்டுமானால் ஒரு கன மீட்டருக்கு 0.75 டன்னாவது அடர்த்தி வேண்டும். 210-ஆம் எண் ஷ்ரெடட் கன அடிக்கு 50 பவுண்டு என்று தரம் வகுத்திருக்கிறார்கள். அது கன மீட்டருக்கு 0.8 டன், கண்டெய்னர் முழு எடை பிடிக்கும். லூஸ் தகடு வாங்கினால் 16, 17 டன்னிலேயே கண்டெய்னர் நிறைந்துவிடும். கப்பல் கூலியும் லாரி வாடகையும் கண்டெய்னருக்குத்தான், டன்னுக்கு இல்லை.

இப்போது விலைக் கணக்கு. கணக்குப் புரிவதற்காக எண்களை எடுத்துக்கொள்வோம். உங்கள் ரசீதில் உள்ளதை இங்கே போட்டுப் பாருங்கள். எச்.எம்.எஸ். கலவை துறைமுகம் வரை டன் 350 டாலர், டாலர் 85 ரூபாய் என்றால் 29,750 ரூபாய். இரும்பு ஸ்கிராப்புக்கான அடிப்படைச் சுங்க வரி 2021 பட்ஜெட்டில் நீக்கப்பட்டு, பின்பு தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்தது. அந்த விலக்கு நீங்கள் ஆர்டர் போடும் நாளில் மட்டும் இருந்தால் போதாது, சரக்கு கரை சேரும் நாளிலும் இருக்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 5,355 ரூபாய். வரி கிரெடிட்டாகத் திரும்பும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். துறைமுகக் கையாளல், டெலிவரி ஆர்டர், கஸ்டம்ஸ் ஏஜென்ட், டிரெய்லர், இறக்குகூலி எல்லாம் சேர்த்து கண்டெய்னருக்கு 90,000 ரூபாய், சரக்கு 24 டன் என்றால் டன்னுக்கு 3,750. சரக்குப் பணத்துக்கு 12 சதவீத வட்டியில் 60 நாள், 587 ரூபாய். முடங்கிய வரிக்கு ஒரு மாத வட்டி 53. எடைக் குறைவு ஒரு சதவீதம், 298. எல்லாம் கூட்டினால் 34,438 ரூபாய்.

இங்கேயே நிறுத்திவிட்டு உள்ளூர் பஞ்சிங் 36,500 என்று கேட்டால் டன்னுக்கு 2,000 லாபம் போலத் தோன்றும். எச்.எம்.எஸ். கலவை மண், துரு, பெயின்ட் எல்லாம் போக 90 சதவீதம் உலோகமாக வந்தால், உருகிய டன் 38,264 ரூபாய். எண்ணெய் இல்லாத பஞ்சிங் 96 சதவீதம் வந்தால் 38,021 ரூபாய். டன் விலையில் மலிவாக வந்தது லேடிலில் விலை கூடிவிட்டது. இன்னும் கட்டிங் கூலி, கூடுதல் கசடு, துருவை உருக்க எரிந்த மின்சாரம், தேய்ந்த லைனிங் எதையும் சேர்க்கவில்லை. எண்கள் மாறும், சில மாதங்களில் இறக்குமதியே வெல்லும். கணக்குப் போடும் முறை மாறாது. ஒரு லாட்டின் தேறும் அளவைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, அந்தச் சரக்கை மட்டும் எடைபோட்டு இரண்டு மூன்று ஹீட் (ஒருமுறை உருக்குவது ஒரு ஹீட்) தனியாக உருக்கி, கட்டியாக ஊற்றி மறுபடி எடை பார்ப்பது. அரை நாள் வேலை. சோம்பல் படக் கூடாது.

பணம் கொடுக்கும் முறைக்கு வருவோம், ஏனென்றால் இரும்பில் போகும் பணத்தைவிட இங்கே போகும் பணம் மொத்தமாகப் போகும். சந்தை விலைக்கு 60, 70 டாலர் குறைவாக, ஆயிரக்கணக்கான டன் பழைய ரயில் தண்டவாளம், ஆர் 50, ஆர் 65 ரகம் என்று மின்னஞ்சலில் ஆஃபர் வரும். இவற்றில் பெரும்பாலானவை மோசடி என்று வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். தண்டவாளம் நல்ல சரக்கு. அதை மலிவாக விற்க யாருக்கும் தேவை இல்லை. புதிய சப்ளையர் என்றால் ஒரு கண்டெய்னர், இரண்டு கண்டெய்னர் மட்டும். அட்வான்ஸ் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதியைக் கொடுக்கும் முன், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) எண்ணையும் கண்டெய்னர் எண்ணையும் கப்பல் கம்பெனியின் தளத்தில் நீங்களே அடித்துப் பாருங்கள். கண்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கப்பல் ஏறியதா, எடை என்ன, இறங்கும் துறைமுகம் எது என்று தெரிந்துவிடும். பாதிப் பேச்சில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மெயில் வந்தால், பழைய எண்ணுக்குப் போன் போட்டுக் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய் அனுப்பக் கூடாது.

எல்.சி., அதாவது வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம், திறந்தால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. யு.சி.பி. 600 என்ற சர்வதேச எல்.சி. விதிப்படி வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும், சரக்கைப் பார்க்காது. காகிதம் சரியாக இருந்தால் கண்டெய்னரில் மண் இருந்தாலும் பணம் போய்விடும். அதனால் எந்தக் காகிதம் வேண்டும் என்று எல்.சி.யில் நீங்கள் எழுதுவதுதான் உங்கள் காவல். ஏற்றும்போது காலி கண்டெய்னர், கால் பாகம், பாதி, முக்கால், முழுசு, சீல் வைத்த கதவு என்று ஆறு நிலையில் கண்டெய்னர் எண் தெரிய எடுத்த படம். ஆய்வு நிறுவனத்தின் எடைச் சான்று. தரம் இஸ்ரி எண்ணோடு. விற்பனை ஒப்பந்தத்தில் தனியாக மூன்று வரி வேண்டும்: எந்த எடைமேடையின் எடை இறுதி, எத்தனை சதவீதம் வரை குறைவைப் பொறுப்பது, மண்ணும் உலோகமல்லாததும் எத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் விலையில் கழிப்பது. இந்த மூன்றும் இல்லாத ஒப்பந்தத்தில் பிறகு பேச எதுவும் இருக்காது.

அரசுக் காகிதங்களில் கவனக்குறைவு நாள் கூலியாகக் கடிக்கும். உலோக ஸ்கிராப் எல்லாத் துறைமுகத்திலும் இறங்க முடியாது. அறிவிக்கப்பட்ட துறைமுகங்களில் மட்டுமே. நமக்குப் பக்கம் கொச்சி வல்லார்பாடம், வாளையார் வழியாகக் கோவைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். தூத்துக்குடி சுமார் 350, சென்னை சுமார் 500. பக்கத்துத் துறைமுகம் எப்போதும் மலிவு என்று இல்லை. கப்பல் கூலியும், கண்டெய்னரை இலவசமாக வைத்திருக்க விடும் நாட்களும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஷ்ரெடர் அடிக்காத ஸ்கிராப்புக்கு, கதிர்வீச்சும் வெடிபொருளும் இல்லை என்று டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்ககம்) அங்கீகரித்த நிறுவனம் ஏற்றுமிடத்தில் பார்த்துக் கொடுக்கும் முன்னாய்வுச் சான்று பொதுவாகத் தேவைப்படுகிறது. இதை வெறும் சடங்காகப் பார்ப்பவர்கள் 2004-ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டு காசியாபாத் அருகே ஒரு உருக்காலையில் போர்க்களத்து ஸ்கிராப்போடு வந்த குண்டு வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010-ல் தில்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் இருந்த கோபால்ட்-60 வெளியே வந்து ஒருவர் உயிர் போனது. அது இறக்குமதிச் சரக்கு இல்லை, உள்நாட்டுச் சரக்கு. கேட்டில் கையடக்கக் கதிர்வீச்சு மீட்டர் ஒன்று வைப்பது ஒரு கண்டெய்னர் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. மீட்டர் கத்தினால் வண்டியை நிறுத்தி, ஆட்களைத் தள்ளி நிற்கவைத்து, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். துண்டைத் தேடி எடுத்துப் பார்க்கும் வேலை நம்முடையது இல்லை.

2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் இரும்பு ஸ்கிராப் மூன்றாம் அட்டவணையின் டி பிரிவில் வருகிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் படிவம் 6 வேண்டும். தானே உருக்காமல் வாங்கி விற்கும் வியாபாரி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஒருமுறை அங்கீகாரம், படிவம் 7, வாங்கியிருக்க வேண்டும். சரக்கு கடலில் வரும்போது இதைத் தேடி ஓடினால் டிமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) மீட்டர் ஓடும். சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளே போட்டுவிட வேண்டும். தவறினால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000 ரூபாய்.

இன்னொரு கண்ணி, ‘அப்படியே பயன்படக்கூடிய’ சரக்கு. உடைந்தோ தேய்ந்தோ வெட்டுப்பட்டோ அதே வேலைக்கு ஆகாது என்ற நிலையில் இருந்தால்தான் சுங்கச் சட்டத்தில் அது ஸ்கிராப், தலைப்பு 7204. முழு நீளப் பைப்பும் நேரான ஆங்கிளும் உள்ளே இருந்தால் அதிகாரி வேறு தலைப்பில் வரி கேட்கலாம், அல்லது வெட்டிச் சிதைத்த பிறகே விடலாம். ‘உள்ளே நல்ல பைப் வரும், தனியாக விற்றுக்கொள்ளலாம்’ என்று ஆசை காட்டும் சப்ளையர் உங்களை அந்தக் கண்ணியில்தான் விடுகிறார்.

ஐரோப்பியச் சரக்கை நம்பி இருப்பவர்கள் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய கழிவு ஏற்றுமதி விதி 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2027 மே 21 முதல், இந்தியா போல ஓ.இ.சி.டி. கூட்டமைப்பில் இல்லாத நாடுகளில் ஒன்றியம் அங்கீகரித்த நாடுகளுக்கு மட்டுமே இந்தக் கழிவுகள் போகலாம். ஏற்றுமதியாளர் வாங்கும் ஆலையின் தணிக்கையையும் கேட்பார்.

சரக்கு வந்து இறங்கும் நாளுக்குத் தயாராக வேண்டியது எடைமேடையும் ஆட்களும். டிரெய்லர் உள்ளே வந்ததும் சீல் எண்ணை பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிட்டு, வெட்டும் முன் படம் எடுக்க வேண்டும். சுங்கம் திறந்து பார்த்திருந்தால் வேறு சீல் இருக்கும், அதற்குரிய காகிதம் வண்டியோடு வர வேண்டும். முழு எடை, பிறகு காலி டிரெய்லரோடு காலி கண்டெய்னர் எடை, இரண்டும் ஒரே மேடையில். கதவில் எழுதியிருக்கும் டேர் எடையை நம்பிக் கழிப்பது தப்பு. ரிப்பேர் செய்த பழைய கண்டெய்னரில் அந்த எண் மாறியிருக்கும். இறக்கும்போது வாசல், நடு, கடைக்கோடி என்று மூன்று குவியலாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒன்றாகக் கொட்டினால் சரக்கு மாறியது எங்கே என்று காட்ட முடியாது. கோடிக் குவியலிலிருந்து 200 கிலோ எடுத்துத் தட்டிச் சலித்து, கீழே விழும் மண், துருத்தூள், ரப்பர், மரத்தைத் தனியாக எடைபோட வேண்டும். நாலு கிலோ விழுந்தால் இரண்டு சதவீதம். இந்த எண்ணும் படமும் கையில் இருந்தால்தான் சப்ளையரிடம் விலைக் கழிவு கேட்க முடியும். கண்டெய்னர் தரையில் மாக்னெட் அல்லது ஜே.சி.பி. பல் பட்டுக் கிழிந்தால் கப்பல் கம்பெனி ரிப்பேர் பில் அனுப்பும். அதனால் திறக்கும் முன்பே உள்ளும் வெளியும் இருந்த சேதத்தைப் படம் பிடித்துவைப்பது நல்லது.

அமுக்கிய பண்டல் என்றால் கண்ணால் பார்ப்பது வீண். இருபதுக்கு ஒன்றாவது வெட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும். நடுவில் ஈர மண், பெயின்ட் டப்பா, பிளாஸ்டிக் வைத்து அமுக்குவது பழைய வித்தை.

பிரிக்கும் மேடையில் இருப்பவருக்கு முதல் வேலை மூடிய பொருட்களை எடுப்பது. ஷாக் அப்சார்பர், கேஸ் சிலிண்டர், இரண்டு முனையும் நசுங்கிய பைப், ஹைட்ராலிக் சிலிண்டர், மூடி போட்ட டப்பா. உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தால் போதும். நீராவியாகும்போது அது சுமார் 1,700 மடங்கு பெருகும், உருகிய இரும்பை வாரி மேலே அடிக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்த யார்டில் நனைந்த சரக்கு, குழிவான எந்தத் துண்டிலும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மழைக்காலத்தில் உருக்கும் சரக்கை முந்தைய நாளே கூரைக்குள் கொண்டுவர வேண்டும். நனைந்த இரும்பை ஏற்கெனவே உருகி நிற்கும் உலோகத்தின் மேல் போடவே கூடாது.

அடுத்தது தீப்பொறி பார்ப்பது. உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ இருக்கும் ஃபவுண்டரியிலும் ஒவ்வொரு துண்டையும் அதில் வைக்க முடியாது. கிரைண்டிங் வீலில் வைக்கலாம். மைல்ட் ஸ்டீல் நீளமான மஞ்சள் கோடாகப் பறக்கும், வெடிப்பு குறைவு. கார்பன் ஏற ஏறப் பூ போல நிறைய வெடிக்கும். வார்ப்பிரும்பு கல்லுக்குப் பக்கத்திலேயே மங்கிய சிவப்பில் குட்டையாக நிற்கும். ஸ்டெயின்லெஸ் ஆரஞ்சு நிறத்தில், வெடிப்பே இல்லாத மாதிரி. கையில் காந்தம் இருந்தால் காந்தம் பிடிக்காத ஸ்டெயின்லெஸ் உடனே தெரியும். ஆனால் 400 வரிசை ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும், அதைப் பொறியில்தான் பிடிக்க வேண்டும். குரோமியம் உள்ளே போனால் வார்ப்பின் மெல்லிய பக்கங்கள் வெள்ளையாக, மிகக் கடினமாக இறுகும்; லேத்தில் டூல் உடையும்போதுதான் தெரியவரும்.

ஷ்ரெடடில் பார்க்க வேண்டியது செம்பு. மோட்டார் ஆர்மேச்சர் இரும்போடு சேர்ந்து உருண்டையாக வரும். பொறுக்கி எடுக்கலாம், செம்பாக விற்கவும் செய்யலாம். செம்பு, வெள்ளீயம் (டின்), நிக்கல் மூன்றும் ஃபர்னஸில் எரியாது, கசடிலும் போகாது. 60 சதவீதம் புது ஸ்கிராப்பில் 0.30 சதவீதம் செம்பு, 40 சதவீதம் ரன்னர் ரைசர் (வார்ப்பிலிருந்து வெட்டி மறுபடி உருக்கும் மிச்சம்) என்று ஓட்டினால் முதல் ஹீட்டில் 0.18 காட்டும், நல்லதுதான் என்று தோன்றும். அந்த ரன்னர் ரைசர் மறுபடி உள்ளே போக 0.25, பிறகு 0.28 என்று ஏறி 0.30-இல் வந்து நிற்கும். கிரே அயர்னுக்கு (சாதாரண சாம்பல் வார்ப்பிரும்புக்கு) இது கெடுதி இல்லை, வலிமைகூடத் தரும். எஸ்.ஜி. 400/15 என்ற, இழுத்தால் நீளும் வார்ப்பிரும்பு ஊற்றுபவருக்கு நீட்சி வராமல் போகும். அவருக்கு மாங்கனீஸும் எதிரி. 0.2 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும். புதுக் கார்களின் உயர்வலிமைத் தகட்டில் மாங்கனீஸ் ஒரு சதவீதத்தைத் தாண்டும். ‘புதுத் தகடு, சுத்தமானது’ என்று சொல்லிக் கொடுத்தாலும் எஸ்.ஜி.க்கு அதைச் சோதிக்காமல் போடக் கூடாது. கிரே அயர்னில் மாங்கனீஸுக்கு எளிய கணக்கு உண்டு: கந்தகத்தை 1.7-ஆல் பெருக்கி 0.3 கூட்டுங்கள். கந்தகம் 0.08 என்றால் மாங்கனீஸ் 0.44 கிட்ட இருக்க வேண்டும்.

ஸ்டீல் ஸ்கிராப் கூடக்கூட கார்பன் ஏற்றுவது பெரிய வேலை. 500 கிலோ ஹீட்டில் ஸ்டீல் 300 கிலோ, ரன்னர் ரைசர் 175, பிக் அயர்ன் (கார்பன் மிகுந்த வார்ப்புக்கான இரும்புக் கட்டி) 25 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீலில் கார்பன் 0.15 சதவீதம், ரன்னர் ரைசரில் 3.3, பிக் அயர்னில் 4.2. மொத்தம் 7.28 கிலோ கார்பன் உள்ளே வருகிறது. 3.35 சதவீதம் வேண்டுமானால் 16.75 கிலோ தேவை, குறைவு 9.47. கார்பன் ஏற்றப் போடும் சி.பி.சி.யில் (பெட்ரோலியம் கோக்கில்) 98 சதவீதம் கார்பன், அதில் 85 சதவீதம் ஏறும் என்றால் 11.4 கிலோ போட வேண்டும். அதையும் கடைசியில் மேலே தூவினால் கசடில் போய்விடும். ஸ்டீலோடு அடியில் போட்டு, ஃபெரோ சிலிக்கானைப் பிற்பாடு போட வேண்டும். சிலிக்கான் முன்னால் போனால் கார்பன் கரைவது மந்தமாகும். இவ்வளவு ஸ்டீல் போடும்போது மலிவான சி.பி.சி.யில் உள்ள நைட்ரஜனும் உலோகத்தில் ஏறி ஊசித்துளை விடும். கிராஃபைட் ரகம் விலை கூடினாலும் ரிஜெக்ஷனில் மிச்சமாகும். ஸ்கிராப் மலிவாகக் கிடைத்ததே என்று பிக் அயர்னைக் குறைப்பவர்கள் இந்தச் செலவை ஸ்கிராப் கணக்கில் எழுதுவதில்லை, எழுத வேண்டும்.

உள்ளூர்ச் சரக்குக்கு வந்தால் கொங்கு நாட்டுக்கே உரிய இரண்டு உண்டு. ஒன்று, மூடிய நூற்பாலைகளிலிருந்தும் சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறிக்கூடங்களிலிருந்தும் வரும் பழைய மெஷினரி வார்ப்பு. கார்பனும் சிலிக்கானும் தயாராக உள்ள அருமையான சரக்கு, கார்பனுக்கு வேறு செலவில்லை. ஆனால் பழைய காலத்து மெல்லிய வார்ப்புகளில் உலோகம் நன்றாக ஓடுவதற்காக பாஸ்பரஸை வேண்டுமென்றே கூட வைத்திருப்பார்கள். நம் சிலிக்கா லைனிங் ஃபர்னஸில் பாஸ்பரஸ் ஒரு துளியும் குறையாது. எடைக்கட்டி, பெஞ்சு ஊற்றுபவருக்குக் கவலை இல்லை. பம்ப் உடல் ஊற்றுபவர் 0.1 சதவீதத்துக்கு அருகிலேயே நிறுத்த வேண்டும். மேலே போனால் கடைசியாக உறையும் இடங்களில் நுண்துளை விழுந்து, தண்ணீர் அழுத்தச் சோதனையில் வியர்ப்பது போலக் கசியும். எந்த மெஷினிலிருந்து வந்தது என்று பிரித்துக் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கும் காசு வடிவில் ஒரு சோதனை மாதிரி ஊற்றி பாஸ்பரஸ் பார்த்துவிட வேண்டும்.

இன்னொன்று போரிங், அதாவது லேத்தில் கடையும்போது விழும் இரும்புச் சுருளும் தூளும். கோவையில் லேத் இல்லாத தெரு குறைவு, போரிங்குக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் வடியாமல் வாங்கினால் எண்ணெய்க்கு இரும்பு விலை கொடுப்பீர்கள். சாய்வான தரையில் இரண்டு நாள் வடியவிட்டு எடைபோடுவது இரு பக்கத்துக்கும் நியாயம். ஈர போரிங்கைப் பெரிய குவியலாகப் போட்டால் தானே சூடேறும். கப்பல் போக்குவரத்தில் இதைத் தானே சூடேறும் அபாயப் பொருளாக, யு.என். 2793 என்ற எண்ணில் வகைப்படுத்தியிருப்பது சும்மா இல்லை. குவியலில் கம்பியை விட்டு அரை மணி கழித்து எடுத்துத் தொட்டால் உள்சூடு தெரியும்.

போரிங்கில் மறைந்திருக்கும் பெரிய ஆபத்து ஈயம். ஃபிட்டிங், ஸ்பிண்டில் கடையும் ஆட்டோ லேத்களில் ஈயம் கலந்த இ.என். 1ஏ ராட் ஓடும். அதன் சுருளைப் பார்த்தால் சாதாரண ஸ்டீல் போலவே இருக்கும். 25 கிலோ அந்த போரிங், ஈயம் 0.25 சதவீதம் என்றால் 62 கிராம். 500 கிலோ ஹீட்டில் 0.0125 சதவீதம். பாதி புகையாகப் போனாலும் 0.006 மிஞ்சும். கிரே அயர்னில் 0.005-க்கு மேலே கிராஃபைட்டின் வடிவமே கெட்டு, வலிமை சரியும். போகிற பாதியும் உருக்குபவரின் நுரையீரலுக்குத்தான். கடையிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘இது எந்த ராட் ஓட்டுன லேத்துங்க?’ பதில் தெரியாத போரிங்கை ஃபவுண்டரிக்கு வாங்காதீர்கள்.

வரிப் பக்கம் சுருக்கமாக. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு இல்லாத கடையிடம் உலோக ஸ்கிராப் வாங்கும் பதிவுபெற்றவர் ரிவர்ஸ் சார்ஜில் ஜி.எஸ்.டி. தானே கட்ட வேண்டும். பதிவுபெற்றவரிடம் வாங்கினால், ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டும்போது 2 சதவீதம் ஜி.எஸ்.டி. டி.டி.எஸ். (விற்பவர் பணத்தில் பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். சரக்கு ஓரிடம், பில் வேறிடம் என்று வரும் மலிவுச் சரக்கைத் தொடாதீர்கள். விற்றவர் வரி கட்டாவிட்டால் கிரெடிட் உங்கள் கையை விட்டுப் போகும், வட்டியோடு. ஒவ்வொரு லோடுக்கும் எடைச் சீட்டு, இ-வே பில், வண்டி எண், டோல் ரசீது, வங்கி வழிப் பணம் ஆகிய ஐந்தும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

கடைசியாக லாட் எண். வந்த ஒவ்வொரு கண்டெய்னருக்கும், உள்ளூர் லோடுக்கும் ஒரு எண் போட்டு, குவியலின் மேல் பெயின்ட்டில் எழுதிவையுங்கள். ஹீட் சீட்டில் எந்த லாட்டிலிருந்து எத்தனை கிலோ என்று ஒரு பத்தி சேருங்கள். ஒவ்வொரு ஹீட்டிலும் ஒரு காசு மாதிரி ஊற்றி, ஹீட் எண் குத்தி டப்பாவில் போட்டு ஆறு மாதம் வைத்திருங்கள். மூன்று வாரம் கழித்து பம்ப் கம்பெனியிலிருந்து நாற்பது உடல் கசிகிறது என்று போன் வரும்போது, மணலா, மோல்டா, இரும்பா என்ற கேள்விக்கு அந்த டப்பாவில் பதில் இருக்கும். இரும்புதான் என்றால் எந்த லாட், அதில் இன்னும் எத்தனை டன் யார்டில் கிடக்கிறது, அதை எந்த வேலைக்குத் திருப்பலாம் என்று அன்று மாலைக்குள் முடிவெடுக்கலாம்.